ஹட்டன் ஈரத்தில் ஓர் அலர்ஜிக் குடித்தனம்

“வீட்டைத் தூசு இல்லாம வச்சிருங்க” என்று கிளினிக்கில் சொல்லி அனுப்பிவிடுவார்கள். எப்படி என்று கேட்க வாயெடுப்பதற்குள் அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிடுவார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, வெளியே நிற்கிற கூட்டம் அப்படி.

எங்கள் மூத்தவளுக்குச் சின்ன வயதிலிருந்தே விடியற்காலைத் தும்மல், மூக்கடைப்பு. ஆனி, ஆடி மாதங்களில் இழுப்பும் சேர்ந்துகொள்ளும். கொழும்பில் தோலில் குத்திப் பார்க்கிற பரிசோதனை செய்தபோது வீட்டுத் தூசுப்பூச்சிக்குக் கை நன்றாகத் தடித்தது, பூஞ்சணத்துக்குக் கொஞ்சம். ஆக எதிரி யார் என்று தெரிந்துவிட்டது. அதை இலங்கை மலைநாட்டு ஹட்டனில் இருந்துகொண்டு எப்படி விரட்டுவது என்பதற்குத்தான் எங்கேயும் ஒழுங்கான பதில் இல்லை.

யூடியூப்பில் சென்னைக்காரர்கள் ஏசி போடச் சொல்கிறார்கள். ஏசி காற்றைக் குளிரவைக்கும்போது அதிலுள்ள ஈரத்தையும் பிழிந்து வெளியே விட்டுவிடும், அதனால் அவர்களுக்கு அது சரி. லண்டனிலும் டொரொன்டோவிலும் இருக்கிற நம் சனம் வேறு மாதிரிச் சொல்கிறது. அங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட வீட்டுக்குள் உதடு வெடிக்கிற அளவுக்குக் காற்று வறண்டுவிடும். ஜன்னலைக் கொஞ்ச நேரம் திறந்துவிட்டாலே அவர்களுக்குப் பாதி வேலை முடிந்தது. நமக்கு ஏசியும் இல்லை, ஹீட்டரும் இல்லை. வீட்டுக்குள்ளும் வெளியிலும் ஒரே குளிர், ஒரே ஈரம். மே கடைசியில் மழை பிடித்தால் செப்டெம்பர் வரைக்கும் தலையணையைத் தொட்டாலே சில்லென்று இருக்கும். வட்டவளைப் பக்கத்து ஆட்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

தூசுப்பூச்சி கால் மில்லிமீற்றர் அளவுதான், கண்ணுக்குத் தெரியாது. நம் தோலிலிருந்து உதிர்கிற பொருக்குத்தான் அதன் சாப்பாடு. அது தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலிருக்கும் ஈரத்தை உடம்பால் உறிஞ்சியே உயிர் வாழ்கிறது. காற்றின் ஈரப்பதன் 50 வீதத்துக்குக் கீழே தொடர்ந்து நின்றால் காய்ந்து செத்துப்போகும். 70க்கு மேலே போனால் கொண்டாட்டம். 1964 இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரத்தில் வூர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா குழுவினர் தூசு அலர்ஜிக்குக் காரணம் இந்தப் பூச்சிதான் என்று காட்டினார்கள். ஈரமான வீடுகளின் தூசுதான் ஆட்களை அதிகம் படுத்துகிறது என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த துப்பு. நம்மைப் படுத்துவது பூச்சியைவிட அதன் எச்சம். பூச்சி செத்த பிறகும் அது மெத்தைக்குள்ளேயே கிடக்கும்.

“மலைக்காத்து நெஞ்சுக்கு நல்லதாச்சே, உங்க ஊர்ல எப்படி இழுப்பு வரும்?” என்று கொழும்புச் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். சுவிட்சர்லாந்தில் டாவோஸ் என்ற மலையூருக்கு ஆஸ்துமாக்காரர்களை அனுப்பிவைக்கும் வழக்கம் இருந்தது உண்மைதான். அங்கே மலைக்காற்று வறண்ட காற்று, பூச்சி பிழைக்காது. ஆனால் எக்குவடோரின் கீட்டோ நகரம் நுவரெலியாவைவிட ஏறக்குறைய 1,000 மீற்றர் உயரம், அங்கே வீடுகளில் பூச்சி தாராளமாக இருக்கிறது. உயரத்தில் ஒன்றும் இல்லை, எல்லாம் ஈரத்தில்தான். நம் மலை கீட்டோ கட்சி.

இதைப் புரிந்துகொண்ட பிறகு எங்கள் வீட்டில் சுத்தம் செய்கிற முறையே மாறிவிட்டது. கூட்டுவதும் துடைப்பதும் இரண்டாவது வேலை. காயவைப்பதுதான் முதல் வேலை.

முதலில் ஈரப்பதன் காட்டுகிற சின்ன மீற்றர் ஒன்று வாங்குங்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக, பற்றரியில் ஓடுகிறது. மலிவுச் சாமான் என்பதால் காட்டுகிற கணக்கு சரியா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு போத்தல் மூடியில் உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் சேறாக ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அதையும் மீற்றரையும் ஒரு பொலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். எங்களுடையது 79 காட்டியது, அதனால் எப்போதும் நாலைக் கழித்துத்தான் பார்க்கிறேன்.

மழைக்காலத்து விடியற்காலையில் எங்கள் படுக்கையறை 85க்குக் குறைந்ததே இல்லை. மாசி மாத மத்தியானத்தில் 55 வரைக்கும் இறங்கும். முழு வீட்டையும் 50க்குக் கொண்டுவருவது நம்மால் ஆகாத காரியம், அந்த ஆசையை விட்டுவிடலாம். ஆனால் பிள்ளை ஒரு நாளில் எட்டு ஒன்பது மணி நேரம் முகத்தைப் புதைத்துக் கிடக்கிற இடம் அந்தப் படுக்கை. அதை மட்டும் காய்ந்ததாக வைத்திருக்க முடியும்.

ஜன்னல் விஷயத்தில் எங்கள் வீட்டில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. காலையில் எழுந்ததும் எல்லா ஜன்னலையும் விரியத் திறப்பது மாமியின் பழக்கம். மூடுபனி அப்படியே உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்துகொள்ளும். பனி கலைந்து வெளிச்சம் வந்த பிறகு, ஒரு பத்து மணிக்கு மேல் திறந்து, இரண்டு மூன்று மணிக்கு மறுபடி பனி இறங்குவதற்கு முன் மூடுவதுதான் சரி. அடுப்பெரிகிற நேரம் மட்டும் விதிவிலக்கு. வெளியிலிருந்து வருகிற குளிர்காற்று உள்ளே சூடானால் அதன் ஈரப்பதன் இறங்கும். 15 பாகையில் நூறு வீத ஈரத்தோடு இருக்கிற காற்று 20 பாகைக்குச் சூடானால் சுமார் 73 வீதத்துக்கு வந்துவிடும். அதனால் சமைக்கும்போது மழை பெய்தாலும் குசினி ஜன்னலைத் திறந்துவைக்கிறோம், குசினிக்கும் படுக்கையறைக்கும் நடுவிலுள்ள கதவைச் சாத்திவிடுகிறோம்.

கேஸ் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேலே தண்ணீர் ஆவியாக வரும். 12.5 கிலோ சிலிண்டர் முடிகிறபோது கிட்டத்தட்ட 20 லீட்டர் தண்ணீரை வீட்டுக்குள் விட்டிருப்போம். சோற்றுப்பானை ஆவி இதில் சேர்த்தி இல்லை. விறகடுப்பில் ஆவியோடு புகையும் வரும். புகை அலர்ஜிப் பொருள் இல்லைதான், ஆனால் ஏற்கெனவே புண்ணாக இருக்கிற மூச்சுக்குழலை அது கிளப்பிவிடும். சாம்பிராணியும் அப்படித்தான். இப்போது சாமிக்கு இஸ்தோப்பில், அதாவது வெளித் திண்ணையில் போடுகிறோம்.

வெள்ளிக்கிழமை வீடு கழுவுவது இன்னொரு பஞ்சாயத்து. வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றித் தும்புத்தடியால் தள்ளிவிட்டால்தான் மாமிக்கு வீடு கழுவின திருப்தி. லயத்து வரிசை வீட்டில் இருந்தபோது பீலித் தண்ணியைக் குடத்தில் தூக்கிவந்து கழுவிய காலத்திலிருந்து வந்த வழக்கம். மழைக்காலத்தில் அந்தச் சீமெந்துத் தரை மறுநாள் மத்தியானம் வரைக்கும் காயாது.

“தண்ணி ஊத்தாம வெறுந் துணியால தொடச்சா அது சுத்தமா புள்ள?” என்றார்.

“மாமி, தரைக்கு ஊத்துற தண்ணிதான் ராத்திரி மெத்தைக்கு ஏறுது. நீங்களே இந்த மீற்றரைப் பாருங்க” என்று கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். வீடு கழுவின வெள்ளிக்கும் கழுவாத வியாழனுக்கும் வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் இஸ்தோப்பையும் வாசலையும் மட்டும் கழுவினார். உள்ளே நன்றாகப் பிழிந்த துணிதான், அதுவும் காலை பத்து மணிக்கு மேலே. தை பிறந்து வெயில் வந்ததும் பழையபடி வாளியைத் தூக்குவார். அப்போது நான் தடுப்பதில்லை.

உலர்ந்த தும்புத்தடியால் கூட்டுவதைக் குறைத்துவிட்டோம், அது தூசைக் கிளப்பி மறுபடி அதே இடத்தில் படியவிடும். கட்டாயம் கூட்ட வேண்டுமென்றால் பிள்ளை வெளியே இருக்கும்போதுதான். பூச்சியின் எச்சம் கொஞ்சம் பாரமான துகள், கிளம்பினாலும் அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் கீழே படிந்துவிடும். அதனால் படுக்கை உதறி அரை மணி கழித்து அவளை உள்ளே விட்டால் போதும். பூனையின் அலர்ஜி வேறு ரகம், அது மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். எங்கள் வீட்டுப் பூனை எலிக்காக இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். கட்டிலில் மட்டும் இடமில்லை.

இனிப் படுக்கை. இந்த ஊரில் கனமான ஒற்றைக் கம்பளிப் போர்வை என்பது ஒரு பிரச்சினை. இரண்டு பேர் சேர்ந்துதான் பிழிய வேண்டும், மழையில் ஒரு வாரம் கிடந்தாலும் உள்ளே காயாது. நனைந்த துணி ஒன்றிரண்டு நாளுக்குள் காயாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும். அந்தக் கம்பளியை விட்டுவிட்டு அவளுக்கு மூன்று மெல்லிய போர்வைகளாக வாங்கினேன். மூன்றும் சேர்ந்தால் அதே கதகதப்பு, தனித்தனியாக ஒரே நாளில் காயும். இலவம்பஞ்சுத் தலையணைக்கும் அதே தீர்ப்புத்தான். கழுவிக் காயவைக்க முடியாத எதுவும் அவள் கட்டிலில் இல்லை.

மெத்தையைக் கழுவ முடியாதே என்றால், அதற்கு உறைதான் வழி. பூச்சி நுழையாத நெருக்கமான நெசவில் சிப் வைத்த உறைகள் விற்கிறார்கள், விலை கையைக் கடிக்கும். நான் ரெக்சின் துணியில் மெத்தை முழுவதும் மூடுகிற மாதிரி சிப் வைத்துத் தைத்து வாங்கினேன். கீழ்நாட்டில் இதில் படுத்தால் வியர்த்துக் கொட்டும், நம் குளிருக்குத் தெரிவதில்லை. மேலே ஒரு பருத்தி விரிப்பு, அவ்வளவுதான். மெத்தையைச் சீமெந்துத் தரையில் நேராகப் போடவே கூடாது. கட்டில் இல்லாவிட்டால் பலகைச் சட்டம் அடித்து நாலு விரல் உயர்த்துங்கள். தரையில் கிடந்த மெத்தையை ஒரு மழைக்காலம் கழித்துப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும்.

வாரத்துக்கு ஒருமுறை விரிப்பு, தலையணை உறை, போர்வை எல்லாம் சூட்டுத் தண்ணீரில் போகும். பச்சைத் தண்ணீரில் துவைத்தாலும் அலர்ஜிப் பொருளில் பெரும்பகுதி கரைந்து போய்விடும், ஆனால் பூச்சி உயிரோடு இருக்கும். அது சாவதற்கு 55 பாகைக்கு மேலே சூடு வேண்டும். தெர்மாமீற்றர் தேவையில்லை. இந்த உயரத்தில் தண்ணீர் 96 பாகையளவில் கொதித்துவிடும். இரண்டு பங்கு கொதிநீருக்கு ஒரு பங்கு குழாய்த் தண்ணீர் சேர்த்தால், வாளிக்கும் துணிக்கும் போகிற சூட்டைக் கழித்து 60ஐ ஒட்டி நிற்கும். துணியைத் தடியால் அமுக்கி, வாளியை மூடி அரை மணி விட்டுவிட்டு அப்புறம் வழக்கம்போலத் துவைக்கலாம். சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். துணிப் பொம்மைக்குச் சூடு ஆகாது என்றால் பொலித்தீன் பையில் கட்டி ஃபிரீசரில் ஒரு நாளுக்கு மேல் வைத்துவிட்டு எடுத்துக் கழுவலாம்.

துவைத்ததை எங்கே காயவைப்பது? வீட்டுக்குள் கொடி கட்டினால், ஒரு தடவை துவைத்த துணியிலிருந்து இரண்டு லீட்டர் தண்ணீராவது அறைக்குள்தான் போகும். நுவரெலியாப் பக்கம் மரக்கறியும் பூவும் வளர்க்கிற பொலித்தீன் கூடாரங்களைப் பார்த்திருப்பீர்கள். அதே யூவி பொலித்தீனில், ஒரு தோட்டக்காரர் மாற்றிப்போட்ட பழைய துண்டை வாங்கிவந்து, வீட்டின் வெயில் படுகிற பக்கத்தில் மூங்கில் சட்டத்தின் மேல் இறுக்கிக் கட்டினார் என் வீட்டுக்காரர். இரண்டு முனையும் திறந்தே இருக்கும், பக்கங்கள் முழங்கால் உயரத்துக்கு மேலேதான் தொடங்கும். மூடிவிட்டால் ஆவி வெளியேற வழியில்லாமல் பொலித்தீனில் முத்து முத்தாகக் கோத்துத் துணி மேலேயே சொட்டும். மேகம் மூடின நாளில்கூட உள்ளே வெளியைவிடச் சூடாக இருக்கும். மெல்லிய போர்வை காலையில் போட்டால் மாலைக்குள் காய்கிறது. முற்றிலும் மழை நாளில் காயாது, அன்று துவைப்பதில்லை. எங்கள் வீட்டில் ஈரத்தைக் குறைத்ததில் முதலிடம் இந்தப் பந்தலுக்குத்தான். பக்கத்து வீட்டு அக்கா இப்போது தான் வேலைக்குக் கட்டுகிற படங்கையும் கம்பளியையும் இதில்தான் தொங்கவிடுகிறார். கொழுந்து எடுத்துவிட்டு நனைந்து வருகிறவர்கள் அவற்றைப் படுக்கிற காம்பராவில் மாட்டாமல் இருந்தாலே அந்த வீடுகளில் பாதி ஈரம் குறையும்.

சுவரில் கறுப்புப் புள்ளி கிளம்பினால் உடனே ப்ளீச் போத்தலைத் தேடுகிறோம். அதற்கு முன்னால் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய்ப் பாருங்கள். மலைச்சரிவை வெட்டிக் கட்டின வீடுகளில் பின்சுவருக்கும் மண்மேட்டுக்கும் நடுவில் தண்ணீர் ஓடுகிற ஒரு கான் இருக்கும். சரிந்து விழுந்த மண்ணும் இலையும் அதை நிரப்பியிருக்கும். மழைத் தண்ணீர் ஓட வழியில்லாமல் சுவரில் ஊறி உள்பக்கம் பூஞ்சணமாக வரும். எங்கள் கானில் ஒன்றரை அடி மண் இருந்தது. அதைத் தோண்டி எடுத்து, தகரத்துத் தண்ணீர் விழும் இடத்துக்குப் பீலி வைத்த பிறகு, அந்தச் சுவர் ஒரு வெயில் காலத்தில் தானாகவே காய்ந்தது. அல்மாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் இழுத்து வைத்தோம். வெளிச்சுவரை ஒட்டி எந்தச் சாமானும் இல்லை. பாடப்புத்தகப் பெட்டி, சப்பாத்து, குடை எல்லாவற்றுக்கும் வேறு இடம்.

ஏற்கெனவே பிடித்த பூஞ்சணத்தை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்க்க வேண்டாம், வித்து வீடெல்லாம் பறக்கும். மாஸ்க் போட்டு, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தெடுத்து, துணியை எறிந்துவிடுங்கள். செத்த பூஞ்சணமும் அலர்ஜியைக் கிளப்பும், அதனால் கொன்றால் போதாது, எடுக்கவும் வேண்டும். டைல், பளிங்குத் தொட்டி போன்ற வழுவழுப்பான இடங்களுக்கு ஒரு பங்கு ப்ளீச்சுக்குப் பதினாறு பங்கு தண்ணீர் போதும். ப்ளீச்சோடு வினாகிரியோ கொமேட் கழுவுகிற அசிட்டோ அமோனியாவோ சேர்க்கவே கூடாது. ஜன்னல் சாத்தின சின்ன பாத்ரூமில் அந்த நச்சு வாயு ஆளையே சாய்த்துவிடும். சுவருக்கு நான் பெயின்ட்டைவிடச் சுண்ணாம்பையே நம்புகிறேன். அதன் காரத்தில் பூஞ்சணம் லேசில் ஊன்றாது, சுவரும் மூச்சு விடும். என்ன, பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற வழக்கத்தைக் கொஞ்சம் தள்ளி மாசிக்கு மாற்ற வேண்டியிருந்தது. பொங்கல் நேரத்தில் சுவர் இன்னும் முழுதாகக் காய்ந்திருக்காது.

இவர் வேலை பார்ப்பது தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில். தூள் சலிக்கிற இடத்தில் நின்றுவிட்டு வந்தால் சட்டை மடிப்பெல்லாம் மெல்லிய தேயிலைப் பஞ்சு. 1970 இலேயே டொக்டர் சி. ஜி. உரகொட தேயிலைத் தொழிற்சாலைக்காரர்களுக்கு வருகிற ஆஸ்துமாவைப் பற்றி எழுதிவிட்டார். மகளுக்கு அது ஆகுமா ஆகாதா என்று சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று, சட்டை மாற்றுவதையும் கை கால் கழுவுவதையும் இஸ்தோப்போடு நிறுத்திவிட்டோம்.

ஈரம் உறிஞ்சுகிற மெஷின் வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கடையில் கிடைக்கிற பெரும்பாலானவை கொம்பிரசர் வைத்தவை. 15 பாகைக்குக் கீழே அவை சோம்பிப்போகும், கரண்ட் பில் மட்டும் சோம்பாது. காசு இருந்தால் குளிரிலும் வேலை செய்கிற டெசிக்கன்ட் வகையைக் கேட்டு வாங்குங்கள். டப்பாவில் வருகிற ஈரம் உறிஞ்சும் உப்பு மூடின அல்மாரிக்குள் உதவும், திறந்த அறைக்கு வைப்பது வீண்.

மகளுக்கு இப்போது விடியற்காலைத் தும்மல் நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன், குறைந்திருக்கிறது. ஆடி மாதத்தில் இழுப்பு வந்தாலும் இரவில் வார்டுக்கு ஓடுகிற நிலை இல்லை. நல்லாயிருக்கிறாளே என்று தினமும் எடுக்கிற இன்ஹேலர் பம்பை நாங்களாக நிறுத்தவும் இல்லை. எதைக் குறைப்பது, எப்போது குறைப்பது என்பது டொக்டர் சொல்வதுதான்.

பண்டாரவளையில் இருக்கிற தங்கச்சி இதையெல்லாம் கேட்டுவிட்டு மாசியில் மெத்தையை வெயிலில் போடப் போவதாகச் சொன்னாள். அவளுக்குக் கணக்கு வேறு. பண்டாரவளை இருக்கிற ஊவாப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கித் தை வரைக்கும் மழை. நாங்கள் இங்கே நனைந்துகொண்டிருக்கிற ஆனி, ஆடி, ஆவணியில் அங்கே வெயிலும் காற்றும். மெத்தை புரட்டுவது, கான் வெட்டுவது, சுண்ணாம்பு அடிப்பது எல்லாவற்றையும் அவள் அந்த மூன்று மாதத்துக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். போன ஆடியில் எங்கள் பழைய கம்பளியையும் பஸ்ஸில் அவளுக்கு அனுப்பிவிட்டேன். அங்கே அது காயும்.